மெல்லாமல் விழுங்கிய சொல்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
20.11.1989

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ராஜம்மாளுக்கு, அண்ணன் ஆதிமூலம் சொல்லி எழுதுவது.

வடார்க்காட்டை இரண்டாக வெட்டி நம் ஊருக்கென்று தனி கலெக்டர் வந்ததும், டில்லி எலெக்‌ஷனுக்காகச் சுவரெல்லாம் வெள்ளையடித்ததும், உன் அண்ணி மார்த்தாள் கண்ணை மூடியதும் ஒரே வருடத்தில்தான். முதல் இரண்டும் பேப்பரில் வந்தன. நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. கோலாரில் மாப்பிள்ளைக்குச் சுரங்கத் தூசி இருமல் எப்படி இருக்கிறது?

ஒரு காரியமாகத்தான் எழுதச் சொன்னேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் காலையில் கஞ்சிக்கு முன்னால் உன் அண்ணி ஒரே ஒரு வசனம் படிப்பாள். ஒரு தடவைதான். அதை வாங்கிக்கொண்டு வேங்கிக்காலிலிருந்து டவுனில் நம் சபைக் கோயிலுக்கு வாட்ச்மேன் வேலைக்கு நடப்பேன். ஒரு கரண்ட் கம்பத்துக்கு ஒரு சொல். கம்பம் தாண்டும்வரை அந்தச் சொல்லைத்தான் மெல்லுவேன். வாட்ச்மேன் வேலை விட்ட பிறகும் நடையை விடவில்லை. இப்போது படிக்க ஆள் இல்லை. சபைக்காரரைப் படிக்கச் சொன்னால் வசனம் ஒரு வரி வருகிறது, பிரசங்கம் ஒரு மணி நேரம் வருகிறது.

ஆகையால் தாலுக்கா ஆபீசு எதிரில் மனு எழுதும் இராமலிங்கம் ஐயாவைப் பிடித்திருக்கிறேன். நெற்றி நிறையத் திருநீறு. ஆனால் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் படிப்பார். நீ கடிதத்துக்கு ஒரு வசனம் அனுப்பு. அடுத்த கடிதம் வரும்வரை அதுவே என் ஆகாரம்.

ஒன்று மனதில் வை. என் வாய் சொல்ல வேறு கை எழுதுகிறது. சில விஷயம் வாயோடு நின்றுவிடும்.

உன் அண்ணன்
ஆதிமூலம் (பெருவிரல் ரேகை)


மாரிகுப்பம், கோலார் தங்கவயல்
9.12.1989

அன்புள்ள அண்ணனுக்கு, ராஜம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதியது. இங்கு இவருக்கு இருமல் குளிரில் ஜாஸ்தி, வெயிலில் கம்மி. அண்ணியின் சாவுக்கு வந்தபோது உங்களை விட்டு வந்த மனம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது மலைப் பிரசங்கம் சொல்லித் தருகிறேன். அதிலிருந்தே வரிசையாக அனுப்புகிறேன். நானாக எதையும் பொறுக்கி எடுக்க மாட்டேன். எது வருகிறதோ அது உங்களுக்கு.

இன்று வந்தது விளக்கு. விளக்கைக் கொளுத்தி யாரும் மரக்காலைக் கவிழ்த்து மூடுவதில்லை, வீட்டில் உள்ள எல்லாருக்கும் வெளிச்சம் தெரிய உயரத்தில்தான் வைப்பார்கள் என்று ஆண்டவர் சொல்லுகிறார்.

இதை எழுதி இரண்டு நாள் கழித்துத்தான் தபாலில் போடுகிறேன். வேலை இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
ராஜம்மாள்


வேங்கிக்கால்
2.1.1990

பிரியமான ராஜம்மாளுக்கு, புது வருடத்தில் உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

விளக்கு வசனம் கிடைத்தது. முதல் நான்கு நாள் கரும்பு மாதிரி இனித்தது. பிறகு சக்கை வந்தது. மரக்கால் என்ற சொல் நாலாவது கம்பத்தில் விழுகிறது. அங்கே நின்றால் நகர முடியவில்லை. நாற்பத்தொரு வருடமாக நானே மரக்காலாகக் கவிழ்ந்து கிடக்கிறேன் என்று தோன்றுகிறது.

காந்தியைச் சுட்ட வருடம், பங்குனி மாதம். நம் ஊர் ஜெபவீடு கரும்புச் சோகைக் கூரையோடு எரிந்ததே, அந்த அரிக்கேன் விளக்குதான் கண்ணில் ஆடுகிறது. அதை ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதமான சுப்பன் கூரையோரம் பீடி பிடித்தான், அதனால் எரிந்தது என்று சபை தீர்த்தது. வெளியே தள்ளினார்கள். மிஷன் கிணற்றில் அவனுக்குத் தண்ணீர் இல்லை என்றார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி காசியம்மாளைக் கூட்டிக்கொண்டு அவன் ஊரை விட்டே போனான்.

உனக்கு அப்போது பதினாலு வயது. அந்தச் சாயங்காலத்தில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? எழுது.

அண்ணன்
ஆதிமூலம்


மாரிகுப்பம்
28.2.1990

அண்ணனுக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இடமில்லை, கார்டு சிறியது.

வரிசையில் வந்தது இது: பீடத்தண்டை காணிக்கை கொண்டு வரும்போது, உன்மேல் உன் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகு. பிறகு வந்து படை.

ராஜம்மாள்


வேங்கிக்கால்
15.3.1990

பிரியமான ராஜம்மாளுக்கு, நான் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று சொல்ல மாட்டேன்.

பொறுக்கி எடுக்க மாட்டேன் என்றாய். பிறகு எப்படி அம்பு குறி தப்பாமல் வருகிறது?

பத்து நாளாக இந்த வசனத்தோடு நடக்கிறேன். நடுவில் பதினைந்தாவது கம்பத்தில் டீக்கடை. நம் சபை மூப்பர் சகாதேவன் அங்கே நிரந்தர வாசம். தினமும் பிடித்துக்கொள்கிறான். "என்னா மாமா, ரெண்டு மாசமா இராப்போஜனம் எடுக்கல, உபவாசமா? இல்ல கலெக்டரு ஊரானதும் பெரிய மனுசன் ஆயிட்டீங்களா?" ஏதோ சொல்லிவிட்டுப் பதினாறாவது கம்பத்துக்கு ஓடுவேன். அப்பத்தையும் ரசத்தையும் எடுக்கக் கை நீள மாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு பௌர்ணமி. ஆராதனைக்குப் போகவில்லை. மலை சுற்றுகிற கூட்டத்தோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். சுப்பன் செத்துப் பத்து வருடமாகிறதாம். காசியம்மாள் அங்கே மோர்ப்பானை வைத்துப் பிழைக்கிறாள் என்று கேள்வி. இருந்தாள். தலை வெளுத்து, ஒரு கண்ணில் பூ விழுந்து, நெற்றியில் திருநீறு. எனக்கு முன்னால் நின்றவன் பீடி பற்ற வைத்தான்.

"யோவ், அத்த அணைச்சிட்டு வா. அப்பறம்தான் மோரு."

"மோரு என்னாம்மா, சாமி பிரசாதமா?"

"இல்ல. எங்க வூட்டுக்காரு எப்பவோ வுட்ட சனியன். அத்த என் பானைகிட்ட கொண்டாராத."

என்னம்மா கதை என்று கேட்டேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன்.

"வேதத்துல சேந்தாரே, அன்னிக்கிக் காலைல ஏரியில கட்டோட வீசிட்டாருய்யா. அப்பறம் சாவற வரைக்கும் தொடல. பொண்டாட்டி எனுக்குத் தெரியாதா அந்த நாத்தம்? ஆனா அவரு பீடியாலதான் கோயிலு எரிஞ்சிதுன்னு ஒரு சத்தியவான் சொன்னான். வேதத்து மேல கைய வச்சி சொன்னான். கூரை போனா வேஞ்சிக்கலாம். மனுசன் திருந்துனதே பொய்யின்னு ஆக்கிட்டானே."

மோரை வாங்கினேன். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சத்தியவான் நான்தான், ராஜம்மா. நீ அன்று ஜுரம் என்று வீட்டில் படுத்திருந்தாய். புளியமரத்தடியில் டவுன் பாதிரியார் தம் புத்தகத்தை நீட்டினார். கை வைத்தேன். ஒரு எழுத்தும் அறியாத புத்தகத்தின்மேல் கை வைத்து, சுப்பன் கையில் நெருப்பைப் பார்த்தேன் என்றேன். கேட்டவர்கள் ஆறு பேர். ஒருவரும் மறுவார்த்தை கேட்கவில்லை.

உயிர்த்தெழுந்த பண்டிகை ஞாயிறன்று சபை நடுவில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். இராமலிங்கம் ஐயா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். பார்க்கட்டும்.

ஆதிமூலம்


மாரிகுப்பம்
22.3.1990

அண்ணே, சொல்ல வேண்டாம். நான் எழுதும்வரை சபையில் வாய் திறக்க வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ராஜம்மாள்


வேங்கிக்கால்
19.4.1990

பிரியமான ராஜம்மாளுக்கு, மாப்பிள்ளை சுகமா, பேரப்பிள்ளைகள் சுகமா, உன் கடிதம் இல்லாததால் அறியேன்.

பண்டிகை போய்விட்டது. நீ கும்பிட்டதால் வாய் திறக்கவில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் பீடத்துக்குப் போகையில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வசனமும் அனுப்பவில்லை. பழையதையே மெல்லுகிறேன், பல் வலிக்கிறது. எழுதுகிறேன் என்றாயே, எப்போது? எனக்கு எழுபது. காசியம்மாளுக்கு இன்னொரு கண்ணிலும் பூ விழுகிறது. இரண்டு பேரில் யார் முந்தினாலும் இந்தப் பொய் நின்றுபோகும்.

எதற்காகப் பயப்படுகிறாய்? விளக்கு என் பொறுப்பு. இறக்காமல் விட்டவன் நான் என்று சொல்வேன். வேறு யார் பேரும் வராது. ராஜம்மா, வேறு யார் பேரும் வராது.

ஆதிமூலம்

(எழுதியவர் குறிப்பு: அம்மா, கடைசி வரியை இரண்டு முறை எழுதச் சொன்னார். தவறி எழுதியதல்ல. இராமலிங்கம்)


மாரிகுப்பம்
20.5.1990

இராமலிங்கம் ஐயாவுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை அண்ணன் காதில் மெல்லப் படிக்க வேண்டாம். உரக்கப் படியுங்கள். மனு எழுத வந்தவர்களுக்கும் கேட்கட்டும்.

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெபவீட்டை எரித்தவள் நான்.

அங்கிருந்த வேதப் புத்தகத்தை உபதேசியார் தவிர யாரும் தொடக் கூடாது என்று கட்டளை இருந்தது. எனக்கோ எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. அன்று ஜெபத்தில் உபதேசியார் விளக்கு வசனத்தோடு நிறுத்தினார். மிச்சம் என்ன என்று தெரியாமல் எனக்கு இருப்பு கொள்ளவில்லை. எல்லாரும் போன பிறகு உள்ளே போனேன். கொக்கியிலிருந்து விளக்கை எடுத்து, கூரை வந்து இறங்கும் மண்சுவர்த் தலையில் வைத்து, அதன் கீழ் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தேன்.

வெளியே கூரையோரம் சுப்பண்ணன் நின்றிருந்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. "நீ படிம்மா, நான் கேட்டுகினு நிக்கிறேன்"னு சொன்னார். அவர் கையில் பீடி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பீடத்தண்டை வைத்துவிட்டுப் போய் என்பதுவரை படித்திருப்பேன். "யாரோ வராங்கம்மா"ன்னார். புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். விளக்கை எடுக்கவில்லை. புத்தகமும் கூரையோடு எரிந்தது.

எனக்கு ஜுரம் வரவில்லை, அண்ணே. பயம் வந்தது. அவரைத் தள்ளியபோது நான் போர்வைக்குள் இருந்தேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித் தருகிறேன். இந்த அதிகாரம் வரும் வருடமெல்லாம் விளக்கிலிருந்து தாண்டிக் குதித்து ஜெபத்தைப் பற்றிய வசனத்துக்குப் போய்விடுவேன். இந்த வருடம் உங்களுக்காக வரிசையாகப் போனேன். வரிசை என்னையும் விடவில்லை.

அடுத்தது இது: சத்தியமே செய்யாதே. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அதுவே போதும்.

ராஜம்மாள்


வேங்கிக்கால்
30.5.1990

என் தங்கச்சிக்கு,

ஐயா உரக்கத்தான் படித்தார். பட்டா மாற்ற வந்த நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்குத் தெரியும், ராஜம்மா. அன்று கதவைச் சாத்த வந்தவன் நான்தான். நீ பின்பக்கம் ஓடுவதைப் பார்த்தேன். கொக்கியில் விளக்கு இல்லை, சுவர்த்தலையில் சோகை தீப்பிடித்துக்கொண்டிருந்தது. சபை கேட்டால் உன் பேர் வரும், உன் படிப்பை நிறுத்துவார்கள், தாயில்லாப் பெண்ணை எவன் கட்டுவான் என்று அந்த நிமிடத்தில் கணக்குப் போட்டேன். சுப்பன் கண்ணில் பட்டான். பழைய பீடிக்காரன். சுலபமாக இருந்தது.

எனக்குத் தெரியாதது ஒன்று. அவன் அங்கே ஏன் நின்றான் என்று தெரியாது. நான் கை வைத்துச் சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே இந்தாள் தங்கச்சி படிச்சிகினு இருந்திச்சின்னு அவன் ஒரு வாய் சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லவில்லை. பயந்துவிட்டான் என்று இத்தனை வருடம் நினைத்தேன். அவன் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்றியவன் நான் என்று நினைத்திருந்தேன். அவன்.

ஜூலை முதல் ஞாயிறு வா. இரண்டு பேரும் நிற்போம்.

அண்ணன்


வேங்கிக்கால்
10.7.1990

பிரியமான ராஜம்மாளுக்கு, நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன், பதில் எழுது. கடைசியில் சொல்வதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏனென்றால் கடைசியில் இதற்கு இடமிருக்காது.

நீ பஸ் ஏறிப் போனபோது உன் முகம் பாரம் இறங்கிய முகமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான். சபை அழுதது, போதகர் நம் தலைமேல் கை வைத்தார், சகாதேவன் என்னைக் கட்டிக்கொண்டு விட்டால் அல்லவா. ஆறு மாதத்துக்குப் பிறகு இராப்போஜனப் பந்தியில் கை நீட்டினேன்.

செவ்வாயன்று சகாதேவன் தன் மகள் ஊருக்குப் போய்விட்டான். காலையில் பதினைந்தாவது கம்பத்தில் பேச ஆள் இல்லை. நடையில் பழைய வசனம்தான் ஓடியது. அந்தக் கம்பத்துக்கு உரிய சொல் தனியாக வந்து எதிரில் நின்றது. போய். நாலு மாதம் மென்ற வசனத்தில் இந்த ஒரு சொல் சகாதேவன் வாயில் தினமும் அடிபட்டுப்போயிருக்கிறது. நான் மெல்லாமல் விழுங்கியிருக்கிறேன். காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு. நாம் போகவில்லை, ராஜம்மா. பீடத்தண்டையே நின்று அழுதுவிட்டு, பந்தியும் சாப்பிட்டுவிட்டோம்.

அதே இடத்தில்தானே நீயும் அன்று படிப்பை நிறுத்தினாய்.

ஞாயிறு பௌர்ணமி. அடி அண்ணாமலைக்குப் போனேன். அவளைச் சுற்றிக் கூட்டம். குறையட்டும் என்று நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன்.

"காசியம்மா, நான் ஆதிமூலம். சுப்பன் கையில நெருப்பு இல்ல. நான் பாக்கல. பொய் சொன்னேன்."

அவள் மோர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"மாசி மாசம் வந்து மோர வாங்கிக் கையிலயே வச்சிகினு நின்னியே, அப்பவே. கண்ணுலதான் பூ, காதுல இல்ல. அந்தக் குரல எப்பிடி மறப்பேன்?"

"போன ஞாயித்துக்கெழம சபையில எல்லாத்தயும் சொல்லிட்டேம்மா. மன்னிச்சிட்டாங்க."

"எவன் மன்னிச்சான்? அவன்லாம் அப்ப பொறந்தானா?"

வரிசையில் நின்றவர்கள் டம்ளரோடு எங்களையே பார்த்தார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வெளக்கு வச்ச பொண்ணு எங்க?"

"கோலார்ல கீது. உனக்கு எப்பிடி..."

"சாவறப்ப சொன்னாரு. அதுவரைக்கும் எங்கிட்டகூட சொல்லல. சின்னப் பொண்ணு, பேரு கெட்டுடும்னாரு. அடுத்த பௌர்ணமிக்கு அத்த வரச் சொல்லு. அன்னிக்கி இன்னா கேட்டுகினு அந்த மனுசன் அங்க நின்னாருன்னு எனுக்கு ஒரு வாட்டி படிச்சிக் காட்டட்டும். மிச்சத்தயும் சேத்து."

நீ வர வேண்டும். புத்தகத்தோடு வர வேண்டும்.

காலில் விழக் குனிந்தேன். முழங்கால் மடங்கவில்லை. "அதெல்லாம் வாணாம்" என்று தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். பிடி மன்னிக்கிற பிடியாக இல்லை. வலித்தது.

"நீ சத்தியம் பண்ணப்ப யார் யார் கேட்டாங்க? வெரல மடக்கிச் சொல்லு. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

நடுரோட்டில், அத்தனை ஜனம் பார்க்க, சின்னப்பிள்ளை மாதிரி கையை நீட்டினேன்.

"ஆசீர்வாதம் உபதேசியாரு. சீனாக்காரன் சண்டை வந்த வருஷம் காலரால போயிட்டாரு."

"ஒண்ணு."

"டவுன் பாதிரியாரு. தூக்கத்துலயே."

"ரெண்டு."

"மூப்பர் ராமன். பனைமரத்துலேர்ந்து விழுந்து."

"உம்."

"எங்க அண்ணன் சின்னசாமி. புயலடிச்சிதே, அந்த ஐப்பசி."

நாலு விரல் மடங்கியிருந்தது. கட்டைவிரல் மட்டும் நின்றது.

"சுப்பன்" என்று சொல்லி அதையும் மடக்கினேன்.

மடங்கிய கையைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். "நீ போய்ச் சொல்லவேண்டிய காதுல அஞ்சி மண்ணாப் போச்சி. உசுரோட இன்னும் யாரு?"

பூ விழாத கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"காசியம்மாள்."